தியான் சந்துக்கும் கேப்டன் இவர்: ஜெய்பால் சிங் முண்டா

ஹாக்கியில் பெரிய ஆள் யார் என்று ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் தியான் சந்த் என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகத் தங்கம் வென்றபோது, அந்தத் தியான் சந்துக்கே கேப்டனாக இருந்தவர் ஒரு பழங்குடி வீட்டுப் பிள்ளை. ஜவ்வாது மலை மாணவர்கள் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் நினைப்பதற்கு ஹாக்கி மட்டும் காரணமல்ல.

ஜெய்பால் சிங் முண்டா 1903 ஜனவரி 3-இல், இன்றைய ஜார்க்கண்டின் குந்தி வட்டாரத்தில் பிறந்தார். ராஞ்சி மிஷன் பள்ளியில் படித்தவரை, கெட்டிக்காரன் என்று கண்டு பாதிரியார் ஒருவர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்று ஐ.சி.எஸ். தேர்விலும் தேறினார். பயிற்சியில் இருந்தபோதுதான் ஒலிம்பிக் அழைப்பு வந்தது. விடுப்பு கிடைக்கவில்லை; ஆனாலும் போனார். திரும்பி வந்ததும், கூடுதலாக ஓராண்டு பயிற்சி முடிக்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் அந்த வேலையே வேண்டாம் என்று வெளியேறிவிட்டார். இன்று நம் வீட்டில் ஒருவர் குரூப் 4 வேலையை விட்டாலே ஊர் என்ன பேசும் என்பது நமக்குத் தெரியும்.

1939-இல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1946 டிசம்பர் 19 அன்று அங்கே அவர் பேசியது இன்றும் படிக்கத்தக்கது. ‘காட்டுவாசி’ என்று இளக்காரமாகச் சொல்லப்படும் பெயரைப் பெருமையோடு ஏற்று, ஆறாயிரம் ஆண்டுகளாகத் தம் மக்கள் துரத்தப்பட்டதைச் சொன்னார். பழங்குடிகளுக்கு ஜனநாயகம் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்றார். சபையில் ஆண்களே நிறைந்திருக்கிறார்கள், பெண்கள் கூடுதலாக வர வேண்டும் என்றும் கேட்டார்.

அண்ணல் அம்பேத்கருக்கும் இவருக்கும் எல்லாவற்றிலும் கருத்து ஒத்துப்போகவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. பழங்குடிகள் இன்னும் அரசியல் வாய்ப்புகளைப் பயன்படுத்தும் பக்குவத்துக்கு வரவில்லை என்று 1945-இல் அம்பேத்கர் ஓர் உரையில் கூறியிருந்தார். அடுத்த ஆண்டு ஜெய்பால் சபையில் பேசியதை அதற்கான பதிலாகவும் படிக்கலாம். சட்டத்தில் ‘ஆதிவாசி’ என்ற சொல்லே வேண்டும் என்று அவர் வாதாடினார். அது பொதுச்சொல், சட்டப் பொருள் இல்லாதது; எந்தெந்தச் சமூகங்கள் என்று பட்டியலிட்டால்தான் உரிமை நிற்கும் என்றார் அம்பேத்கர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வடாற்காடு மலையாளிகள் பட்டியலில் இருக்கிறார்கள். மாவட்ட வாரியான அந்தப் பட்டியலால், வேறு மாவட்ட மலையில் குடியிருந்த அதே மலையாளிகள் பல பத்தாண்டுகள் சான்றிதழ் இல்லாமல் தவித்ததும் நமக்குத் தெரியும்.

1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டமன்றத்தில் முக்கிய எதிர்க்கட்சியானது. தனி மாநிலம் மட்டும் கிடைக்கவில்லை. 1963-இல் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்தார். அவரை நம்பியிருந்த பலருக்கு அது பெரிய ஏமாற்றம். அது தவறான முடிவு என்பதே நம் எண்ணமும். 1970-இல் மறைந்தார். ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15-இல்.

இனி நம் மலைக்கு வருவோம். ஜெய்பாலின் குந்தி அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி. 10 மாநிலங்களில் இத்தகைய பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் ஜவ்வாது மலைக்கு வராது. 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே தனித்தொகுதிகள். 39 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றும் இல்லை. 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழ்த் தொழிலாளிகளில் பலர் இந்த மலைக்காரர்கள். சாமையும் கொள்ளும் விளையும் மேட்டுக் காட்டை நம்பி ஆண்டு முழுக்கச் சாப்பிட முடியாததால் கூலிக்குப் போனவர்கள். அவர்களுக்காகக் கேட்க இந்த மலையிலிருந்து சபையில் ஒருவரும் இல்லை.

கையில் இருப்பது 2006 வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பம், 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். தேன், புளி போன்ற காட்டு விளைபொருள்களை எடுக்கவும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. மனு போக வேண்டிய முதல் இடம் கிராம சபை. அது அமைக்கும் வன உரிமைக் குழுதான் நிலத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்பதை ஜனவரி 26 கிராம சபையில் கேளுங்கள். விடுதியிலிருந்து ஊருக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் மனு எழுத உடன் உட்கார்ந்தால், பாட்டன் காலத்து நிலத்தின் எல்லை சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே வேலை முடியும்.