கால் வைப்பது வேறு, பாரம் வைப்பது வேறு

அம்மா கிணற்றடியில் இரண்டாவது தடவை விழுந்தபோது வலது மணிக்கட்டு முறிந்தது. முதல் தடவை விழுந்ததை எங்களுக்குச் சொல்லவே இல்லை. பாசியும் இல்லை, ஈரமும் இல்லை; சீமெந்துத் தரை காய்ந்துதான் கிடந்தது. “கால் தடக்குப்பட்டுப் போச்சு தம்பி” என்றார். எதில் தடக்கியது என்று அவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் அம்மா நடப்பதைக் கவனித்துப் பார்த்தேன். நாரி முன்னுக்கு வளைந்திருக்கும். கண் எப்போதும் நிலத்தில் இருக்கும். அடிகள் கிட்டக்கிட்ட, அவசரமாக விழும். முதுமை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 2009இல் குனிந்தே நடந்தோம், குனிந்தே ஓடினோம். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகும், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைக் கண்டு, முன்னால் போனவரின் கால் தடத்திலேயே கால் வைத்து நடந்தோம். நானும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறேன். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு செல் துண்டு இன்னும் இருப்பதால், அந்தக் காலை நம்பாமல் வலது காலுக்கு விரைந்து தாவுவதும் எனக்குப் பழகிவிட்டது.

தாய் சி நடையை நான் முதலில் கண்டது கோலாலம்பூரில். ஊடகப் பயிற்சி ஒன்றுக்காகப் போயிருந்தேன். தங்கியிருந்த இடத்துக்கு அருகிலிருந்த பூங்காவில் விடியற்காலையில் பத்துப் பதினைந்து சீன முதியவர்கள் மிக மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு ஓய்வுபெற்ற ஆசிரியரான மலேசியத் தமிழர் ஒருவரும் இருந்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை அவர்தான் கூப்பிட்டார். “வாங்க தம்பி, நடக்கத் தெரியும்தானே?” தெரியும் என்றுதான் நினைத்தேன். சொல்லிக்கொடுத்த சீன அம்மையார் மலாய் மொழியில் பேச, ஐயா எனக்குத் தமிழில் சொன்னார். எனக்குத் தெரிந்த நடை அரை மணித்தியாலத்தில் கலைந்துபோனது.

தாய் சி சீனத்தின் தற்காப்புக் கலை. ஹெனான் மாகாணத்தின் சென் குடும்பக் கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் உருவானதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. 2020இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. உடலில் ஓடும் சக்தியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது மிகச் சாதாரணமான ஒரு விடயம்.

நாம் வழமையாக நடக்கும்போது உண்மையில் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் விழுகிறோம். முன்கால் நிலத்தைத் தொட முன்னரே உடலின் பாரம் முன்னுக்குப் போய்விடுகிறது. அந்தக் கால் வந்து தாங்கிக்கொள்கிறது. இளவயதில் இதில் பிரச்சினை இல்லை. ஆனால் வந்து விழுந்த கால் வழுக்கினாலோ கல்லில் பட்டாலோ திரும்பிப்போக வழியில்லை, பாரம் ஏற்கெனவே அங்கே போய்விட்டது. தாய் சி நடையில் இந்த இரண்டையும் பிரிக்கிறார்கள். கால் முதலில் போகும். பாரம் பின்காலிலேயே இருக்கும். நிலம் சரியென்று பாதத்துக்குத் தெரிந்த பிறகுதான் பாரம் நகரும். அதுவரை அந்தக் காலைத் திரும்ப எடுத்துவிடலாம். பாரம் உள்ள கால் ‘நிறைந்தது’, பாரம் இல்லாத கால் ‘வெறுமையானது’. யாங் செங்ஃபூ என்ற ஆசான் விட்டுச்சென்ற பத்து விதிகளில் நான்காவது, இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறிவது பற்றியதுதான்.

மிதிவெடிக் காணிகளுக்கு நடுவே நடந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா என்று முதலில் தோன்றியது. ஆனால் நாங்கள் அங்கே கண்ணால்தான் சோதித்தோம். பாதத்தால் சோதிக்க எங்களுக்கு யாரும் அவகாசம் தரவில்லை.

நடக்க முன்னர் நிற்கப் பழகவேண்டும். பாதங்களை இடுப்பளவு அகலத்தில் சமாந்தரமாக வையுங்கள். முழங்கால்களை இறுக்கிப் பூட்டாமல் சற்றே தளர்த்துங்கள். வால் எலும்பு நேரே நிலத்தை நோக்கித் தொங்கட்டும். பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கவேண்டாம். தோள்களைக் கீழே விடுங்கள், நாடியைச் சற்று உள்ளே இழுங்கள், உச்சந்தலையில் ஒரு நூல் கட்டி மேலே பிடித்திருப்பதாக நினையுங்கள். பார்வை நேராக இருக்கட்டும். வளர்ந்தவரின் தலை நான்கரை, ஐந்து கிலோ இருக்கும். அது முன்னுக்குத் தொங்கினால் முழு உடலும் அதன் பின்னால் போகும். எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். நிலத்தைப் பார்க்காமல் நிற்பது ஏதோ கவனயீனம்போல மனதை உறுத்தியது.

இனி நடை. முழுப் பாரத்தையும் வலது காலுக்கு மாற்றுங்கள். உடல் ஆடாமல் இடது காலைத் தூக்க முடிந்தால் பாரம் முழுதாக மாறிவிட்டது என்று அர்த்தம். முடியாவிட்டால் இன்னும் மாறவில்லை. இடது காலை முன்னே, சிறிய தூரத்தில், குதிக்கால் மட்டும் படும்படி வையுங்கள். அதன் கீழே ஒரு கடதாசி இருந்தால் உருவி எடுக்கக்கூடிய அளவுக்குத்தான் அது தொடவேண்டும். பிறகு பாதம் முழுதும் படியட்டும். அதன் பிறகே பாரம் மெதுவாக முன்னுக்கு வரவேண்டும். முழங்கால் இரண்டாவது கால்விரலின் திசையில் மடங்கட்டும், விரல் நுனியைத் தாண்டவேண்டாம். அடுத்த அடிக்கு, சற்றுப் பின்னே சாய்ந்து முன்காலை வெறுமையாக்கி, அதன் நுனியை வெளிப்பக்கம் 45 பாகை வரை திருப்பி, மறுபடி அதில் பாரத்தை ஏற்றி, பின்காலைக் கொண்டுவாருங்கள். பாரம் நிற்கும் காலை ஒருபோதும் திருக வேண்டாம். முழங்கால் கெடுவது அங்கேதான்.

பாதங்கள் புகையிரதத் தண்டவாளம்போல இரு கோடுகளில் போகவேண்டும். என் கால்களோ ஒரே கோட்டுக்கு வந்துகொண்டேயிருந்தன. “கயிற்றில நடக்கிறீங்களா தம்பி?” என்று ஐயா கேட்டார். வயல் வரம்பில் நடந்து பழகிய கால்கள் என்றேன். அம்மையார் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். கால் போவதற்கு முன் என் நெஞ்சு போகிறது. நெஞ்சு போனால் பாரமும் போய்விட்டது. நான் சாயும்போதெல்லாம் முதுகில் ஒரு விரலால் தட்டினார். அந்த வாரம் முழுக்கத் தட்டினார்.

இதனால் விழுவது குறையுமா? அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், விழும் அபாயமுள்ள 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2018இல் வெளியானது. சமநிலைக்கென அமைக்கப்பட்ட தாய் சிப் பயிற்சியை வாரம் இரு தடவை, ஒரு மணித்தியாலம் வீதம், 24 வாரங்கள் செய்தவர்கள், வெறுமனே உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிட 58 வீதம் குறைவாக விழுந்தார்கள். அது முழுப் பயிற்சி, நடை அதன் ஒரு பகுதி மட்டுமே. இரண்டு நாள் நடந்துவிட்டுப் பலன் தேடவேண்டாம்.

சில ஆசிரியர்கள் கண்ணை மூடி நடக்கச் சொல்வார்கள். வேண்டாம். விழுந்துவிடலாம் என்பது ஒரு காரணம். மற்றையது, நான் ஒருமுறை செய்து பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, வியர்த்தது, அன்றிரவு நித்திரை வரவில்லை. அமைதிக்கான பயிற்சி என்று சொல்லப்படுவதெல்லாம் எங்களுக்கு உடனே அமைதி தராது. கண்ணைத் திறந்து, வெளிச்சத்தில், வேண்டுமானால் வானொலியைப் போட்டுவிட்டு நடக்கலாம்.

செயற்கைக் கால் அணிந்தவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்ய முடியாது. ஜெய்ப்பூர் பாதத்தில் அசையும் கணுக்கால் மூட்டு இல்லை. ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுவது செயற்கைக் காலோடு நடக்கப் பழகுவோருக்கும் ஆரம்பப் பாடம்தான். அதை நின்ற இடத்திலேயே செய்யலாம். மூட்டருகே செல் துண்டு உள்ளவர்கள், தலைச்சுற்று உள்ளவர்கள், இடுப்பு முறிந்தவர்கள் முதலில் வைத்தியரிடமோ வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழங்கால் நொந்தால் குறைவாக மடியுங்கள், அடியைச் சுருக்குங்கள். அதற்கும் நொந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அம்மாவின் கை பொருந்திய பிறகு விறாந்தையில் தொடங்கினோம். “என்னடா இது, பூனை எலி பிடிக்கப் போற மாதிரி?” என்று சிரித்தார். சீனரும் இதைப் பூனை நடை என்றுதான் சொல்கிறார்கள் என்றேன், நம்பவில்லை. ஒரு கையை அரைச்சுவரில் வைத்துக்கொண்டு நடக்கிறார். அரைவாசி தூரத்தில் கண் தானாக நிலத்துக்குப் போகும். “அம்மா, பூவரசைப் பாருங்கோ” என்பேன். நிமிர்வார். இப்போது நான் சொல்ல முன்னரே சில வேளை நிமிர்கிறார். கிணற்றடிக்குப் போகும்போது இன்னும் பழைய அவசர நடைதான், ஆனால் படியில் இறங்க முன் ஒரு கணம் நின்று காலை வைத்துப் பார்க்கிறார்.

விறாந்தையின் மறு முனைக்குப் போய்வர ஆறேழு நிமிடம் செல்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு இதைத் தொடங்கக்கூடாது என்பதை இரண்டு தடவை பால் பொங்கி ஊற்றிய பிறகுதான் கற்றுக்கொண்டோம்.