கஞ்சாவும் சட்டமும்

கஞ்சாவைச் சட்டத்தால் தடுத்தல் வேண்டுமா, அன்றி அனுமதித்து ஒழுங்குபடுத்தல் வேண்டுமா என்னும் வழக்கு இன்று பல நாட்டுச் சட்டமன்றங்களில் எழுந்துள்ளது. வழக்காடுவோருட் பெரும்பாலார் அச்செடி நல்லதா தீயதா என்னும் ஆராய்ச்சியோடு அமைந்துவிடுகின்றனர். தீயதென்பது நிறுவப்பட்ட பின்னரும், அத்தீமையைக் குறைக்கவல்லது தடையா, கட்டுப்பாடா என்னும் வினா எஞ்சியே நிற்கும். இவ்விரு வினாக்களையும் வேறுபிரித்து நோக்கிய பழைய விசாரணையொன்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

1893 ஆம் ஆண்டு பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் எழுப்பப்பட்ட வினாவொன்றின் பயனாக, கஞ்சாப் பழக்கத்தை ஆராய இந்தியாவில் ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பெற்றது. மக்வேர்த் யங் என்பார் தலைவர். அங்கத்தவர் எழுவருள் மூவர் இந்தியர். 1,193 பேரின் சாட்சியங்களைப் பெற்று, 1894 இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை அவர்கள் அளித்தனர்.

கஞ்சா பைத்தியத்தை விளைவிக்கும் என்பதற்கு அக்காலத்திற் காட்டப்பட்ட முதற்சான்று பைத்தியசாலைகளின் ஆண்டுக் கணக்கு. ஆணைக்குழுவினர் அக்கணக்கை ஏற்றுக்கொண்டு அமையாது, அது பிறந்த இடத்தைத் தேடிச் சென்றனர். நோயாளியை அனுப்பும் பொலிசாரோ நீதவானோ நிரப்பவேண்டிய பத்திரத்திலே நோயின் காரணத்தைக் குறிக்க ஓரிடம் இருந்தது. காரணம் அறியப்படாதவிடத்துக் கஞ்சா என்று எழுதிவிடுதல் எளிது. அவ்வெழுத்தே பதிவேட்டில் ஏறிற்று, பதிவேடு புள்ளிவிவரமாயிற்று, புள்ளிவிவரம் பின்னர் மருத்துவர்க்கே சான்றாயிற்று! 1892 இல் அனுமதிக்கப்பட்டோர் 1,344 பேர். கஞ்சாவாற் பித்தரானார் எனப்பட்டோரின் வரலாறுகளை ஒவ்வொன்றாக மீளாராய்ந்தபோது, அதனைக் காரணமாகவோ காரணங்களுள் ஒன்றாகவோ கொள்ளத்தக்கவர் 98 பேரே எனக் கண்டனர். 98 பேர் என்பது சிறுதொகையாயினும் இன்மையன்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

அளவான நுகர்ச்சியால் விளையும் கேடு மிகச் சிறிது, மிகையான நுகர்ச்சி கேடு பயக்கும் என்பது அவர்தம் முடிபு. எனினும் முழுத்தடையை அவர்கள் வேண்டவில்லை. சமயவழக்கோடு கலந்த பழக்கத்தைத் தடுத்தால் மக்கள் மனம் புண்படும் என்றும், தடையுண்டோர் அதனினுங் கொடிய போதைப்பொருள்களை நாடுவர் என்றும் அஞ்சினர். ஆதலின் வரி, உரிமம், ஒருவர்க்கு விற்கும் அளவுக்கு வரையறை என்பவற்றையே விதந்துரைத்தனர். இந்திய அங்கத்தவர் இருவர் இம்முடிபுக்கு மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினர் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

உலகம் அவ்வழியிற் செல்லவில்லை. 1925 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவைச் சர்வதேசக் கட்டுப்பாட்டினுட் கொணர்ந்தது. 1961 ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கை அதனை மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மட்டும் உரியதாக வரையறுத்து, மிகக் கடிய கட்டுப்பாட்டுக்குரிய பட்டியலிலுஞ் சேர்த்தது. அப்பட்டியலினின்று அது நீக்கப்பட்டது 2020 டிசெம்பரிலே. ஆதரவு 27, எதிர்ப்பு 25. பொதுக்கட்டுப்பாடோ நீங்கவில்லை.

1894 இன் அறிக்கையை இன்று அப்படியே எடுத்துக்காட்டுதலும் பொருந்தாது. இக்காலத்துச் செடி போதைச்சத்து மிகும்படி வளர்க்கப்படுவது. வலிமிக்க வகைகளை நாள்தோறும் நுகரும் இளைஞரிடத்துச் சித்தப்பிரமை நோய் மிகுதியாகக் காணப்படுகின்றதென்பதை மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அக்குழுவினரிடம் நாம் கற்கவேண்டியது முடிபையன்று, சான்றைச் சோதித்த முறையை.

நுகர்வோனைச் சிறையிலிடுதல் நோயினும் கொடிய மருந்து என்பது எம் கருத்து. அதனால் விற்பனையைத் தனியார் வாணிகத்திடம் விட்டுவிடலாம் என்பது பெறப்படாது. விற்போனுக்கு ஊதியம் நுகர்ச்சி பெருகுவதிலேயே உண்டு. தாய்லாந்து, விற்பனையை நெறிப்படுத்தும் முழுமையான சட்டம் இயற்றுமுன்னரே, 2022 ஜூனிற் கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலினின்று நீக்கிற்று. கடைகள் வீதிதோறும் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டின்றி விற்றலாகாதென மீண்டும் விதிக்க நேர்ந்தது. 2013 இற் சட்டமியற்றிய உருகுவேயோ விலையையும் வகையையும் அரசே வரையறுக்கும் முறையை மேற்கொண்டது. அங்கே பதிவு செய்துகொண்ட குடிமகன் மருந்துக்கடையில் மாதத்துக்கு 40 கிராம் வரையே பெறலாம், விளம்பரத்துக்கு இடமில்லை.