குறிஞ்சி நிலத்தில் ஒரு பந்தாட்டம்

இரணியல் அரண்மனையின் வசந்த மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய மன்னர் காலத்துக் கட்டிலைக் கண்டு திரும்பும் புதுமணத் தம்பதிகள், அடுத்து மலைவாசம் நாடுவார்களாயின், 1895-ஆம் ஆண்டில் தோன்றிய கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தை அவர்களுக்கு மனமார எடுத்துரைப்போம். மலைநிலத்தையே காதலர் கூடும் களமாக வகுத்த சங்கச் சான்றோர் மரபில் வந்த நமக்கு, கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், 18 குழிகளையும் நாடிப் பசும்புல் மேடுகளில் இருவர் சேர்ந்து நடப்பது அந்நியமாகத் தோன்றாது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவாதலால், அதே வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து சமவெளியைக் காட்டிலும் அதிக தூரம் செல்கிறது; ஆயினும் அது சென்று விழவேண்டிய குழியின் விட்டம் நாலேகால் அங்குலமே. சொல்லப்போனால், இவ்வாட்டத்தில் பந்தைவிட நடையே பிரதானம். பேச்சுக்கு நேரம் தாராளம். விடியற்காலையில் பனித்துளி தாங்கிய புல்லின்மீது முதல் பந்து உருளும்போது, அதன் பின்னே கரும்பசுமையாக ஒரு கோடு நீள்கிறது. மூடுபனி விலகினால், மைதானத்தின் ஓரத்தில், வெண்காலுறை அணிந்தாற்போன்ற கால்களுடன் காட்டெருமைகள் நின்று மேய்வதையும் காணலாம்.