மஜ்ஜையின் கணக்கும் தலைநகரின் பதற்றமும்

புது தில்லி: பருவமழை விடைபெறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தலைநகரின் ரத்த வங்கிகளில் கூட்டம் அலைமோதுவது வழக்கம். டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பவரின் பரிசோதனை அறிக்கையில் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கினால் போதும். உறவினர்கள் கொடையாளர்களைத் தேடி ஓடத் தொடங்கிவிடுகின்றனர்.

இந்தப் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. 1996-ல் தில்லியில் 10 ஆயிரத்துக்கும் அதிகமானோரை டெங்கு தாக்கியது. 423 பேர் உயிரிழந்தனர். 2006-ல் எய்ம்ஸ் வளாகத்திலேயே நோய் புகுந்தது. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கின் குடும்பத்தினரும் தப்பவில்லை. 2015-ல் பாதிப்பு மீண்டும் 15 ஆயிரத்தைத் தாண்டியது.

ஆனால், வெளியே தேடப்படும் இந்தத் தட்டணுக்களை உடலே ஓயாமல் தயாரித்துக்கொண்டிருக்கிறது என்பது பலரும் அறியாதது. எலும்பு மஜ்ஜையில் உள்ள மூல அணுக்களில் சில, 'மெகாகேரியோசைட்' எனப்படும் ராட்சத அணுக்களாக வளர்கின்றன. மற்ற அணுக்கள் இரண்டாகப் பிரிந்து பெருகும். இவையோ பிரியாமலே தங்கள் மரபுப் பொருளை மட்டும் இரட்டித்துக்கொண்டே போகின்றன. சாதாரண அணுவில் 2 தொகுதி குரோமோசோம்கள் என்றால், இவற்றில் 16, 32, சிலவற்றில் 64 தொகுதிகள்கூட இருக்கும். முதிர்ந்த பின் ரத்தக் குழாயின் சுவர் இடுக்கு வழியே நீண்ட கரங்களை உள்ளே நீட்டுகின்றன. ஓடும் ரத்தத்தின் வேகத்தில் அவை துண்டு துண்டாக உதிர்கின்றன. அத்துண்டுகளே தட்டணுக்கள். ஓர் அணுவிலிருந்து ஆயிரம் முதல் மூவாயிரம் வரை. ஒரு நாளைக்குச் சுமார் 10 ஆயிரம் கோடி!

உற்பத்தியை முடுக்கும் 'த்ரோம்போபொய்ட்டின்' என்ற ஹார்மோனைக் கல்லீரல் ஏறக்குறைய ஒரே சீராகச் சுரக்கிறது. ரத்தத்தில் தட்டணுக்கள் நிறைய இருந்தால் அவையே அதை உறிஞ்சிவிடும். குறைந்தால், மிஞ்சும் ஹார்மோன் மஜ்ஜையைத் தட்டி எழுப்பும். கோப்பும் இல்லை, குழுவும் இல்லை. அமைச்சகங்கள் பொறாமைப்பட வேண்டிய நிர்வாகம்.

டெங்கு வைரஸ் முதல் சில நாள்கள் இந்த மஜ்ஜையை முடக்குகிறது. ரத்தத்தில் சுற்றும் தட்டணுக்களும் வேகமாக அழிகின்றன. காய்ச்சல் தணியும் வேளையில்தான் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடும். அதற்குள் மஜ்ஜை மீளத் தொடங்கியிருக்கும். அடுத்த சில நாள்களில் எண்ணிக்கை தானே ஏறும். அந்த நேரத்தில் பெரும்பாலும் உயிருக்கு உலை வைப்பது ரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து ரத்த அழுத்தம் சரிவதே. அதற்கான மருந்து, உரிய அளவில் செலுத்தப்படும் திரவம்.

ரத்தக் கசிவு இல்லாத நோயாளிக்கு, எண்ணிக்கை 10 ஆயிரத்துக்குக் கீழே போனால் மட்டுமே தட்டணு ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்பதே தேசிய வழிகாட்டு நெறி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017-ல் வெளியானது. எண்ணிக்கை 20 ஆயிரமாகக் குறைந்தவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் ரத்தக் கசிவு தடுக்கப்படவில்லை. பக்க விளைவுகளே கூடின. எனினும், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பத்தினரிடம் "காத்திருங்கள்" என்று சொல்லும் துணிவு எல்லா மருத்துவமனைகளுக்கும் வருவதில்லை.

இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. தட்டணுக்களைக் குளிரூட்டிச் சேமிக்க இயலாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாமல் அசைத்தபடி, ஐந்து நாள்களே வைத்திருக்கலாம். தேவையற்றவருக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு பையும், மஜ்ஜையே செயலிழந்த ரத்தப் புற்றுநோயாளிக்குச் செல்ல வேண்டியது. பணத்துக்கு ரத்தம் கொடுப்பதை ஒழிக்க 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், 'மாற்றுக் கொடையாளரை அழைத்து வாருங்கள்' என்ற வழக்கம் நீடிக்கிறது. தில்லிவாசிக்கு உற்றார் உண்டு. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, மருத்துவமனை நடைபாதையில் தங்கியிருக்கும் குடும்பம் யாரை அழைத்து வரும்?