பாடும் மீனும் நத்தார் தாத்தாவும்

நத்தார்ப் பண்டிகை நெருங்கும் நாள்களில், மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள கிறித்தவ இல்லங்களில் சிறுவர் சிறுமியர் நத்தார் தாத்தாவின் வரவை ஆவலுடன் எதிர்பார்த்திருப்பர். வெண்தாடியும் செந்நிற அங்கியும் உடைய அம்முதியவர் பரிசு கொணர்வார் என்பதில் சின்னஞ்சிறார்க்கு ஐயமே இல்லை. ஆண்டுகள் சில சென்றதும் அந்நம்பிக்கை தளர்கிறது. பரிசை வைத்தவர் தந்தையே என்பது தெரிந்துவிடுகிறது. அறிவு புகுந்த வீட்டில் மகிழ்ச்சி தங்காதோ என்னும் வினா அப்பொழுது எழுகிறது. இதற்குரிய விடை அந்த வாவி நீரிலேயே உள்ளது எனலாம்.

மட்டக்களப்புக்கு ‘மீன் பாடும் தேன் நாடு’ என்பது வழங்கு பெயர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவியிலே, கல்லடிப் பாலத்தின் அருகே, நிலவொளி வீசும் இரவுகளில் நீரடியிலிருந்து இன்னொலி எழுகிறது என்பர். ஏப்பிரல் முதல் செப்தெம்பர் வரையிலான மாதங்களும், முழுமதி நாளை ஒட்டிய இரவுகளும் அதற்கு உகந்தவை. தோணியை ஓரிடத்தில் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியில் வைத்துக் கேட்பது அங்குள்ளோர் வழக்கம். பாட்டனும் பேரனும் ஒரே தோணியில் அமர்ந்து, ஒரே ஆவலுடன் காத்திருக்கும் காட்சி இங்கு இயல்பானது. இந்த நம்பிக்கைக்கு வயதெல்லை இல்லை.

இது வெறுங் கதையன்று. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனென்ட் 1848ஆம் ஆண்டு செப்தெம்பரில் இவ்வாவியில் தோணியேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் மெல்லொலிக்கு அதனை ஒப்பிட்டார். தோணியின் மரத்திற் செவியை வைத்தபோது ஒலி மிகுந்ததையும் குறித்துள்ளார். ஒலி ஊரியிலிருந்து எழுகிறது என்று மீனவர் அவருக்குக் கூறினர். மீனே பாடுகிறது என்பார் ஒரு சாரார்; பாறை இடுக்குகளில் நீர் புகுந்து வெளிவருவதால் எழும் ஓசை என்பார் வேறு சாரார். முடிந்த முடிபு இன்னும் ஏற்படவில்லை.

முடிபு கிடைத்தால் வியப்பு அழிந்துவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. கலிபோர்னியாவிலுள்ள சோசலிற்றோ என்னும் ஊரில், படகு வீடுகளில் வாழ்ந்தோர் 1980களில் இரவுதோறும் ஒரு ரீங்காரம் கேட்டுத் துயிலின்றித் தவித்தனர். கழிவுநீர்ப் பொறிகளின் ஓசையோ என ஐயுற்றனர். ஆராய்ந்தபோது, ஒருவகை ஆண் மீன் தன் காற்றுப்பையை அதிரச் செய்து பெண் மீனை அழைக்கும் குரல் அதுவெனத் தெரிந்தது. காரணம் தெரிந்தபின் அவ்வூரார் மீனை வெறுத்தனரல்லர். அதற்கு விழாவே எடுத்தனர்.

இவ்வுண்மைக்கு மட்டக்களப்பு மண்ணிலும் ஒரு சான்று உண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞான ஆசிரியராகவும் விளங்கியவர். ஒலியின் இயல்பைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்த அப்பேரறிஞரே, வாவியின் ஒலியை நீரர மகளிரின் இசையாகக் கண்டு கவிதை புனைந்தார். அவருடைய ஆராய்ச்சி அறிவு கற்பனைக்குத் தடையாகவில்லை. கல்லடியில், அந்த வாவியின் அண்மையிலேயே அவருடைய சமாதி அமைந்துள்ளது.

வாவியின் பாடலுக்கு உண்மையான இடையூறு வேறு திசையிலிருந்து வருகிறது. 1950களில் இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். பின்னர் இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. அதன்பின் உள்நாட்டுப் போர் நிகழ்ந்த ஆண்டுகளில் இரவில் வாவிக்குச் செல்வது அரிதாயிற்று. 2013இல் பழைய பாலத்தின் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. ஊர்திகளின் இரைச்சலும், நீரிற் சேரும் கழிவும், இரவைப் பகலாக்கும் விளக்குகளும் மெல்லிய ஒலியை எளிதில் விழுங்கிவிடும். கேட்கலாம் என்னும் நம்பிக்கை உடையவனே வாய்பொத்திக் காத்திருப்பான். நீரை மாசுபடுத்த மனமொவ்வான். நம்பிக்கையற்ற ஊரில் மீன் பாடினும் கேட்பார் இரார்.

நத்தார் தாத்தாவின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. அவருக்கு மூலமானவர் நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மைரா நகரின் ஆயராயிருந்த புனித நிக்கலசு. வறியோர் வீட்டில் இரவில் மறைவாகப் பொருளிட்டுச் சென்றவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது. பரிசை வைத்தவர் தந்தை என அறிந்த சிறுவன், பின்னாளில் தன் மகவு துயின்றபின் ஓசைபடாது பரிசை வைக்கிறான். பெறும் மகிழ்ச்சி தரும் மகிழ்ச்சியாக முதிர்கிறது. அவ்வாறே, தான் கேட்ட பாடலைப் பேரனும் கேட்கவேண்டும் என்று விரும்பும் முதியவர் வாவியின் அமைதியைக் காக்கிறார். துடுப்பைப் பேரனின் செவியில் வைத்துவிட்டு, அவன் முகம் மலர்வதற்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில், அவரும் ஒரு நத்தார் தாத்தாவே.