மகளுக்கு வந்த அழைப்பு

"அம்மா, ஐரோப்பாவிலே ஒரு மாசம் தங்கிப் படம் வரையக் கூப்பிட்டிருக்காங்க!" என்று மகள் குதித்தபோது எனக்கும் பெருமைதான். கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. வாடகை, சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் நம் தலையில். முன்பணம் பத்தே நாளில் கட்டணுமாம். இவர் என் வளையலைப் பார்த்தார்!

விசாரித்தேன். இதற்கு 'ரெசிடென்சி' என்று பெயர். அமெரிக்காவில் இசையமைப்பாளர் எட்வர்ட் மக்டவலும் மனைவி மரியனும் 1907-ல் தொடங்கிய மக்டவலில் தங்கக் கட்டணமே கிடையாது. மத்தியானச் சாப்பாடு கூடையில் ஸ்டுடியோ வாசலுக்கே வருமாம். (நமக்கு யார் வைக்கிறார்கள், சொல்லுங்கள்!) பாரிஸில் 1965-ல் திறந்த சித்தே என்டர்நேஷனல் தெஸார் போன்ற நல்ல இடங்களிலும் கட்டணம் உண்டு. ஆகவே பணம் கேட்டாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. எதற்குக் கேட்கிறார்கள், யார் தேர்ந்தெடுக்கிறார்கள், முன்பு தங்கியவர் யார் என்பதுதான் கேள்வி.

மூன்றையும் மகளை எழுதிக் கேட்கச் சொன்னேன். "பணம் எப்போது அனுப்புவீர்கள்?" என்று மட்டும் பதில் வந்தது. பாவம், இரண்டு நாள் அழுதாள்.

இப்போது மக்டவலுக்கு விண்ணப்பிக்கிறாள். அங்கே குழந்தையோடு தங்க முடியாது. கிடைத்தால் பேரன் என்னிடம். ராத்திரி பால் பாட்டிலுக்கு இப்போதே பழக்குகிறேன்.