பறக்கும் குதிரையின் ஊர்

பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை. சாணிப் பேப்பர், ஓரம் தொட்டால் உதிரும். மேல்மலையனூர் மாசித் திருவிழாவில் வாங்கி வந்து, பெரியப்பா எங்கள் தெருத் திண்ணையில் ராகம் போட்டுப் படிப்பார். எழுத்துத் தெரியாதவர்கள்தான் முன்னால் நெருங்கி உட்காருவார்கள். டெல்லி பாதுஷாவின் குதிரையை அடக்க முடியாமல் அப்பா சிறையில் கிடக்கிறார். மீசை முளைக்காத பையன் போய் அதன் மேல் ஏறுகிறான். அந்த இடம் வந்ததும் பெரியப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வார். குதிரை வானத்தில் எழும்பும். நாங்கள் அத்தனை பேரும் அண்ணாந்து எங்கள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைப் பார்ப்போம்.

வரலாற்றில் அவன் பெயர் தேஜ் சிங். ஔரங்கசீப் செஞ்சியைக் கொடுத்த புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன். 1714-இல் அப்பா இறந்ததும் கோட்டைக்கு வந்தான். கப்பப் பாக்கியைக் கட்டு என்றார் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். மாட்டேன் என்றான். அந்த வருடம் அக்டோபரிலேயே போர்க்களத்தில் விழுந்தான். வயது இருபத்திரண்டு என்பார்கள். உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவில்தான் ராணிப்பேட்டை என்ற பெயரே வந்தது.

1677-இல் இந்தக் கோட்டையைப் பிடித்தவர் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் 1690 முதல் 1698 வரை மொகலாய முற்றுகையை இதற்குள் இருந்தே தாக்குப்பிடித்தார். எட்டு வருடம்! அவருக்கு எங்கள் தெருவில் பாட்டு இல்லை. ஒரு வருடம்கூட ஆளாத பையனுக்கு இருந்தது. சின்ன வயதில் இது எனக்குப் புரிந்ததில்லை. இப்போது புரிகிறது: ஜெயிக்க வழியே இல்லை என்று தெரிந்தும் "மாட்டேன்" என்றவன் அவன். கதையில் மாயம் வருகிற இடங்களைப் பாருங்கள். கையில் ஆள்பலம் இல்லாதபோது குதிரை பறக்கிறது. சாவு நிச்சயமானதும் சிங்கவரம் ரங்கநாதர், இன்றைக்குச் சண்டைக்குப் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிநேகிதன் மகமத்கான் மணப்பந்தலில் இருந்து கங்கணத்தோடு ஓடி வருகிறானே, அதில் மட்டும் மாயம் எதுவும் இல்லை. பெரியப்பாவின் குரல் உடைவது அங்கேதான்.

1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து ராஜா தேசிங்கு படமாக வந்தது. திண்ணைக் கச்சேரி மெல்ல மெல்லக் குறைந்தது. திண்ணைகளும் போய்விட்டன.

2025 ஜூலையில் மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று எங்கள் செஞ்சி. எனக்கு நெஞ்சு நிறைந்தது. திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் போகிற பஸ்ஸில் இருந்து கோட்டையைப் பார்த்தவர்கள் இனி இறங்கி ஏறுவார்கள். ஆனால் அந்தப் பெருமை சிவாஜிக்கும் ராஜாராமுக்கும் உரியது. தேசிங்கு அந்தக் கணக்கில் வரமாட்டான். அவனைச் சொல்ல வாய்தான் வேண்டும்.

என் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். தலையணை மொத்தத்தில் ஆங்கில மாயக் கதைகள் படிப்பாள். மந்திரக்காரர்கள், கொடுங்கோல் ராஜா, எதிர்த்து நிற்கும் ஒரு சின்னக் கூட்டம். சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்திலும் புத்தகம் திறந்தபடி இருக்கும். டோல்கீன் என்பவர் எழுதிய கதையில் ஷேடோஃபாக்ஸ் என்று ஒரு குதிரையாம். யாரையும் ஏறவிடாதாம், ஒரு கிழ மந்திரவாதியைத் தவிர. அவருக்கும் சேணம் கிடையாது, கடிவாளம் கிடையாது. சொல்லும்போது அவள் கண்ணைப் பார்த்தேன். பெரியப்பா முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் கண்தான். "இந்தக் குதிரையை எனக்குத் தெரியும்டி," என்றேன்.

கதையை முழுக்கச் சொல்லி முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. ராகம் எனக்கு வரவில்லை, வசனமாகத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் சிங்கவரத்துக்குக் கூட்டிப்போனேன். பாறையைக் குடைந்த பல்லவர் காலத்துக் கோயில். உள்ளே இருட்டில் பெருமாள் நீண்டு படுத்திருக்கிறார். பட்டர் தீபத்தைத் திருவடியில் இருந்து மெதுவாக மேலே கொண்டுபோனார். பேத்தி கைகூப்ப மறந்து, எட்டி எட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து படி இறங்கும்போது கேட்டாள்:

"சாமியே வேணாம்னு சொல்லியும் ஏன் தாத்தா போனாரு?"